பார்க்கப் போகும்போது இளநீர் வேண்டாம்

தஞ்சோங் கிளிங், கிளேபாங், பாயா ரும்புட், சுங்கை ஊடாங் பக்கம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பார்க்க வந்துபோகும் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,



இந்த மடல் நோயாளிகளுக்கு அல்ல. அவர்களுக்கு டாக்டர் சொல்லிவிட்டார். உணவியலாளர் படம் போட்ட தாளைக் கொடுத்துவிட்டார். தாதிகள் நாங்களும் வாரம் மூன்று முறை காதில் ஓதிவிட்டோம். எழுத வேண்டியது உங்களுக்குத்தான் என்று நெடுநாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது. மலாக்காவில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாசார் மாலாமில் கண்டால் இன்னமும் "மிசி" என்று கூப்பிட்டு நின்று பேசுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபம் வந்தால் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகும் பழக்கம் நமக்கு இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஹார்லிக்ஸ் டின்னும் ரொட்டியும் கொண்டு போனோம். இப்போது ஒரு சீப்பு பீசாங் மாஸ், ஒரு பை ஆரஞ்சு, கிளேபாங் சாலையோரத்தில் சீவி வாங்கிய இரண்டு இளநீர். இளவட்டங்கள் வந்தால் அதே கிளேபாங்கில் ஐஸ்கிரீம் போட்டு அடித்துத் தரும் கோக்கனட் ஷேக். உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு, அம்மை, வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் நம் கை முதலில் தேடுவது இளநீரைத்தான். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் நின்றுபோனவருக்கோ அதே இளநீர் நேராக இதயத்தில் போய்க் கை வைக்கும். காரணம் அதிலிருக்கும் பொட்டாசியம்.

பொட்டாசியம் விஷமல்ல. அது இல்லாவிட்டால் ஒரு தசை அசையாது, ஒரு நரம்பும் வேலை செய்யாது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 120 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள்ளேயே கிடக்கும். ரத்தத்திலும் உயிரணுக்களைச் சுற்றியுள்ள நீரிலுமாகச் சேர்ந்து வெளியே இருப்பது இரண்டரை கிராம் அளவுதான். உள்ளே நிறைய, வெளியே கொஞ்சம் என்ற இந்தக் கணக்கைக் காப்பது உயிரணுச் சுவரில் ஓயாமல் இயங்கும் ஒரு பம்ப். அதை 1957இல் எழுதிக் காட்டிய டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோவுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், நோபல் பரிசு கிடைத்தது. சாப்பாட்டிலிருந்து வரும் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுவது சிறுநீரகத்தின் வேலை. பத்தில் ஒன்பது பங்கு அந்த வழியாகத்தான் போகிறது, மீதி மலத்தில். ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் எண் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 5.5ஐத் தாண்டினால் கவலை. 6.5ஐத் தாண்டினால் ஆபத்து, காத்திருக்க நேரமில்லை.

இப்போது இளநீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு மில்லி இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காயில் முந்நூறு, நானூறு மில்லி தண்ணீர் இருக்கும். அப்படியென்றால் ஒரே இளநீரில் 750 முதல் 1,000 மில்லிகிராம். வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் மொத்தப் பொட்டாசியமே இரண்டரை கிராம் என்றேனே, அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறோம். நல்ல சிறுநீரகமும் போதுமான இன்சுலினும் உள்ளவருக்கு அது சில மணி நேரத்தில் ஒழுங்காகிவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதை வெளியேற்ற அடுத்த முறை இயந்திரத்தில் படுக்கும் வரை பெரிதாக வழியில்லை. அவருக்கு உணவியலாளர் ஒரு நாள் முழுவதற்கும் விதிக்கும் வரம்பு பெரும்பாலும் 2,000லிருந்து 2,500 மில்லிகிராமுக்குள்தான்.

கூடினால் என்ன ஆகும்? இதயத்தின் மின் ஓட்டம் தடுமாறும், பிறகு நின்றுவிடும். உங்களில் பலருடைய வீட்டில் யாராவது பைபாஸ் செய்துகொண்டிருப்பார்கள். அந்த அறுவையின்போது இதயத்தை அசையாமல் நிறுத்தி வைக்கச் சர்ஜன்கள் அதற்குள் செலுத்துவது பொட்டாசியம் மிகுந்த திரவத்தைத்தான். அங்கே பக்கத்திலேயே இதயத்தின் வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் இருக்கிறது. வீட்டு வரவேற்பறையில் அது இல்லை.

இதில் கெட்டது என்னவென்றால் வலி கிடையாது. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், உடம்பில் நீர் கோத்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறுவது பலருக்குத் தெரியவே தெரியாது. சிலருக்குக் கால் துவளும், விரல் நுனி மரத்துப்போகும், குமட்டும், நாடி மெதுவாகும். பலருக்கு முதல் அறிகுறியே மயங்கி விழுவதுதான். "நேத்து நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு" என்று துக்க வீட்டில் நாம் சொல்லும் பேச்சில் எத்தனை பொட்டாசியம் இருந்ததோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டயாலிசிஸ் வாரத்தில் மூன்று நாள். ஒரு கூட்டத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி. இன்னொரு கூட்டத்துக்குச் செவ்வாய், வியாழன், சனி. முதல் கூட்டத்துக்கு வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை இயந்திரம் இல்லை. இரண்டாவது கூட்டத்துக்குச் சனிக்குப் பிறகு செவ்வாய் வரை இல்லை. எந்தக் கூட்டமானாலும் அந்த நீண்ட இடைவெளியில் ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக்கொள்கிறது. நமக்குக் கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் அன்னதானம், கெண்டூரி எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதானே. சொந்தக்காரர்கள் காரில் ஏறிப் பார்க்க வருவதும் அன்றைக்குத்தான். அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறும் கூடுதல் என்று அது காட்டியது. உடம்பில் தேங்கும் நீருக்கும் அதில் பங்குண்டு, பொட்டாசியத்துக்கும் பங்குண்டு.

ஒரு திங்கட்கிழமை முதல் ஷிப்டில் வந்த ஒரு மாமாவைச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கானவர், தண்ணீரை அளந்து குடிப்பவர். எடை பார்த்தோம். இரண்டு கிலோகூட ஏறவில்லை. பாராட்டுகிற எடை. ஆனால் தராசிலிருந்து இறங்க அவர் காலைத் தூக்கவில்லை, இழுத்தார். "முட்டியில பலமே இல்ல மிசி" என்றார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தங்கை பேத்திக்கு மஞ்சள் நீராட்டாம். "தண்ணி ஒரு வாய் குடிக்கல மிசி. தாகத்துக்குப் பழந்தான் சாப்பிட்டேன்." என்ன பழம்? பலாச்சுளை. எத்தனை? "பிள்ளைங்க கொண்டாந்து வச்சுக்கிட்டே இருந்துச்சுங்க." இசிஜி எடுத்தோம். தாளில் டி அலை ஒவ்வொன்றும் கூடாரம் அடித்ததுபோல் கூராக எழுந்து நின்றது. பாடப் புத்தகத்தில் போடும் படம் அது. டாக்டர் ஓடி வந்தார், ஊசி ஏறியது, இயந்திரத்தில் போட்டோம், பிழைத்தார். நூறு கிராம் பலாச்சுளையில் ஏறக்குறைய 450 மில்லிகிராம் பொட்டாசியம். தண்ணீர்க் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தவர் பழத்தில் மாட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் பாசத்தில்தான் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆரோக்கியமானவரையும் இளநீர் சாய்க்கும் என்பதற்கு அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் 2014இல் வந்த ஒரு நோயாளிக் குறிப்பு உண்டு. 42 வயது ஆள், கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க டென்னிஸ் ஆடியவர், எட்டு பாட்டில் இளநீர் குடித்துவிட்டு மயங்கி விழுந்தார். பொட்டாசியம் 7.8. நம் ஆட்களுக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010இல் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. 2019இல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை' படத்தின் கதையே அதில்தான் தொடங்குகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை அடுத்தடுத்துக் குடிக்க வைப்பார்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். குளிர், காய்ச்சல், சிறுநீரகம் செயலிழப்பது என்று பல காரணம் சொல்கிறார்கள். தளர்ந்த சிறுநீரகத்தின் மேல் அத்தனை பொட்டாசியத்தையும் ஊற்றுவதை நான் அந்தப் பட்டியலில் முன்னால் வைப்பேன். கொல்ல நினைத்தவர்கள் கையிலெடுத்த அதே காயை நாம் குணமாகட்டும் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பழத்துக்கு வருவோம். வாழைப்பழம், பலா, டுரியான், கொய்யா எல்லாமே நூறு கிராமில் 350லிருந்து 450 மில்லிகிராம் வரை போகும். ஆப்பிள், அன்னாசி இரண்டும் அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான். தர்ப்பூசணியில் பொட்டாசியம் குறைவு, ஆனால் யாரும் நூறு கிராம் தர்ப்பூசணி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு அதெல்லாம் தண்ணீர். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் மட்டும் தனிக்கதை. அதில் பொட்டாசியம் அதிகமில்லை. வேறொரு நஞ்சு இருக்கிறது. பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் அதைப் பிரித்தெடுத்துக் காரம்பாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவர் ஒரு பழம் சாப்பிட்டாலும் விக்கல் பிடித்துக்கொள்ளும், நிற்காது. பிறகு வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு. இறந்தவர்களும் உண்டு. வீட்டுக் கொல்லையில் காய்த்தது, மருந்தே அடிக்கவில்லை என்று சொல்லி அதைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். துண்டுகூட வேண்டாம், ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

சமையலில் கை வைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை, கீரை இவற்றைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு தாளித்தாலோ பிரட்டினாலோ பொட்டாசியம் பாதியளவுக்குக் குறையும். வெறுமனே ஊறவைத்தால் பெரிய பயனில்லை. ஆவியில் வேகவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நமக்கு இதில் ஒரு தடை உண்டு. வெந்த தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று வளர்த்திருக்கிறார்கள். பருப்பு வெந்த தண்ணீரை எடுத்து ரசம் வைப்போம். அதில் புளி வேறு, தக்காளி வேறு. இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. "காரம் சேர்க்கல, வெறும் ரசந்தான்" என்று நோயாளிக்கு ஊற்றும் அந்தக் கிண்ணத்தில் மூன்று வழியாகவும் பொட்டாசியம் வந்து சேர்ந்திருக்கிறது. முருங்கைக்கீரைச் சூப்பும் அப்படித்தான். வெள்ளைச் சோறு பயமில்லை. கூலா மெலாகா வெள்ளைச் சீனியைவிட நல்லது என்று பெயர் வாங்கியிருந்தாலும், அதை ஊற்றிய செண்டோல் தேங்காய்ப் பாலும் சிவப்புப் பயறும் சேர்ந்து இவர்களுக்கு ஆகாது.

உப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட் விற்கிறது. ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று பிள்ளைகள் வாங்கிக் கொடுப்பார்கள். சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. சீனாவில் 600 கிராமங்களில், 20,995 பேரிடம் நடத்திய ஆய்வில் இத்தகைய உப்பு பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது உண்மைதான். 2021இல் வெளிவந்த நல்ல ஆய்வு அது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே சொன்னது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் இதயம் படம் போட்டிருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

அடுத்தது கை மருந்து. இதைச் சொன்னால்தான் பலருக்கு முகம் சுருங்கும். கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக வாழைத்தண்டுச் சாறு, மீசை கூச்சிங் இலைத் தேநீர், நோனி ஜூஸ் எல்லாம் வீடு தேடி வரும். மீசை கூச்சிங் இலை பொட்டாசியம் மிகுந்தது. நோனி ஜூஸ் குடித்துப் பொட்டாசியம் ஏறிய ஒரு சிறுநீரக நோயாளியைப் பற்றி அமெரிக்கச் சிறுநீரக இதழ் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. அந்தச் சாற்றைச் சோதித்தபோது ஆரஞ்சு ஜூஸ், தக்காளி ஜூஸ் அளவுக்குப் பொட்டாசியம் இருந்தது. கல்லடைப்புக்குக் கேட்டவருக்கு ஒருவேளை உதவியிருக்கலாம். சிறுநீரகமே நின்றுபோனவருக்குச் சிறுநீரைப் பெருக்கும் மருந்து எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

மாத்திரையிலும் இந்தச் சிக்கல் உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கும் பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உயர்த்தக்கூடியவை. இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் இன்னும் கூடுதலாக உயர்த்தும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதற்காகத்தான் அவற்றைத் தருகிறார்கள். தொடங்கிய சில வாரத்தில் ரத்தம் எடுக்க வரச் சொல்வார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாமல் போக வேண்டும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது நாமாகப் பார்மசியில் வாங்கிப் போடும் மூட்டுவலி மாத்திரைக்கு. பொன்ஸ்தான், வோல்டரன், புருஃபென் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். "எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் ஒண்ணு தரேன்" என்று பர்சிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அத்தைமார்களே, தயவுசெய்து வேண்டாம். பெயர் தெரியாத ஜாமு மாத்திரையும் வேண்டாம். அந்த மாதிரிப் பொருள்களில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் யாருக்கும் டயாலிசிஸ் இல்லையே என்று நினைப்பவர்களும் இருப்பீர்கள். 2018இல் எடுத்த கணக்கின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.48 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு நிலையில் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2011இல் இது 9.07 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் அது தனக்கு இருப்பதை அறிந்திருந்தவர்கள் ஐந்து விழுக்காட்டினர்தான். டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதில் முதலிடம் இனிப்பு நீருக்கு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இலைச் சாப்பாட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, அவர்களுக்கே தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். ரத்தம் எடுக்கும்போது நரம்பு தெரிய வேண்டும் என்று கையை மூடி மூடித் திறக்காதீர்கள். அதனாலும் பொட்டாசியம் எண் பொய்யாக ஏறும், திரும்ப வரச் சொல்வார்கள்.

விரதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாமல் இருந்தால் பொட்டாசியம் குறையும் என்று நினைப்பது இயல்புதான். டயாலிசிஸ் நோயாளிக்கு நேர்மாறு. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின்தான் பொட்டாசியத்தை உயிரணுக்குள் தள்ளுகிறது, அது இறங்கினால் உள்ளே இருப்பது வெளியே கசியும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மாலையில் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டு விரதம் முடிக்கிறோமே, அது இரண்டு பக்கமும் அடிக்கும். சாமி கோபித்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்டுவிட்டு விரதம் இருங்கள். இன்னொன்று, சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கொட்டினால் இவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காமல் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடக்கூடாது. சிறுநீர் வழி அடைத்துப் போனவருக்குப் இயந்திரத்தைத் தவிரப் பொட்டாசியம் வெளியேற மிஞ்சியிருப்பது அந்த ஒரு வழிதான்.

இவ்வளவு சொன்னதால் பழமே கூடாது, கீரையே கூடாது என்று ஊர் முழுக்கச் சட்டம் போட்டுவிடாதீர்கள். அதுவும் நம் பழக்கம்தான், ஒன்று கேட்டால் பத்தாக்கிவிடுவோம். சிறுநீரகம் நலமாக உள்ளவர் நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது பொட்டாசியம் சாப்பிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. ரத்தக் கொதிப்பு குறைய அது உதவும். சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களில் பலர் பழம் காய்கறியை ஒதுக்கத் தேவையில்லை. வயிற்றில் குழாய் போட்டு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறார்களே, சிஏபிடி, அவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைவாக இருக்கும். டாக்டரே வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார். ஒருவர் தாளில் 6, இன்னொருவர் தாளில் 3.2. இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் இருவரில் ஒருவருக்குக் கெடுதல் செய்கிறோம். கேட்டுவிட்டுக் கொடுங்கள். "மாமா, கடைசியா ரத்தம் எடுத்தப்ப பொட்டாசியம் எவ்வளவு? என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று ஒரு வாட்சப் செய்தி போதும்.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் பந்தல் போடும் அன்பர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். இளநீரும் மோரும் ஓடட்டும், யார் வேண்டாம் என்றார்கள். யாராவது "எனக்கு வேண்டாம்" என்று கையை எடுத்துக்கொண்டால் பிரசாதம் என்று சொல்லி வற்புறுத்தாதீர்கள். இலையில் பரிமாறும்போதும் அப்படியே. கையில் டயாலிசிஸுக்காக வைத்த ஃபிஸ்டுலா புடைத்திருப்பதை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். பத்துப் பேர் முன்னால் நோயைச் சொல்ல அவர்களுக்கு மனம் வராது, போட்டதைச் சாப்பிட்டுவிடுவார்கள்.

அப்படியானால் என்னதான் கொண்டு போவது என்று கேட்பீர்கள். இரண்டு ஆப்பிள், கொஞ்சம் அன்னாசித் துண்டு, உப்பில்லாத கிராக்கர் ரொட்டி போதும். அதைவிட நல்லது நேரம். டயாலிசிஸ் நாலு மணி நேரம், போக வர இன்னும் ஒரு மணி. தஞ்சோங் கிளிங்கிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை கிராப் பிடித்துப் போய் வர மாதத்துக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள். முடிந்து வரும்போது உடம்பு வெலவெலத்துப் போயிருக்கும், கைத்தாங்கலாக ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். விருந்து நாள் வந்து இயந்திரத்தைத் தள்ளிப்போடப் பார்த்தால் "சாப்பாட்டை எடுத்து வைக்கிறோம், நீங்க போயிட்டு வாங்க" என்று நீங்கள் அனுப்பிவையுங்கள். ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவது பத்து வாழைப்பழத்தைவிட மோசம்.

கடைசியாக, ஆபத்து நேரத்துக்கு. டயாலிசிஸில் இருப்பவர் கால் தூக்க முடியவில்லை என்றாலோ, நெஞ்சு படபடக்கிறது அல்லது நாடி மிக மெதுவாக இருக்கிறது என்றாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, சூடு என்று சொல்லி இளநீர் வாங்க ஓடாதீர்கள். மறுநாள் டயாலிசிஸ்தானே என்று காத்திருக்கவும் வேண்டாம். 999க்கு அழையுங்கள். டயாலிசிஸ் நோயாளி என்றும், கடைசியாக எந்த நாளில் டயாலிசிஸ் செய்தார் என்றும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மருத்துவமனையில் உடனே இசிஜி எடுப்பார்கள், இதயத்தைக் காக்கக் கால்சியமும், பொட்டாசியத்தை உயிரணுக்குள் திருப்பித் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார்கள். நம் மருத்துவமனைகளில் இதற்கு லைட்டிக் காக்டெயில் என்று பெயர். அதன் பலன் சில மணி நேரம்தான், அதற்குள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதனால் அவருடைய டயாலிசிஸ் மையத்தின் தொலைபேசி எண்ணையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
தஞ்சோங் கிளிங்